மழைக்குக் கொடுத்தது

குருசடித் தெருவில் தண்ணீர் வீடு திரும்பத் தொடங்கியது ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில்தான். பால் வாங்கக் கதவைத் திறந்தவர்கள் தங்கள் வாசற்படியின் கீழே அவரவர் தண்ணீர் வந்து கிடப்பதைப் பார்த்தார்கள், பார்த்து ஐயோ என்று யாரும் கூவவில்லை, ஏனென்றால் சாயங்காலம் தொழுவத்துக்குத் திரும்பிய மாட்டை இது யாருடையது என்று எவரும் விசாரிப்பதில்லை, கண்டவுடனேயே தெரிந்துவிடும், அப்படித்தான் அந்தத் தண்ணீரையும் அவர்களுக்குத் தெரிந்தது.

மேட்டில் மாதா கோயில், பள்ளத்தில் செம்பருத்திக்குளம், இரண்டுக்கும் நடுவே சரிந்து இறங்கும் ஒரே தெரு, தெருவின் பாதியில் கல் சிலுவை நிற்கும் குருசடி, இருபக்கமும் நாற்பத்தொரு வீடுகள், வீடுகளின் முன்னால் நகராட்சி கட்டிக்கொடுத்த மழைநீர் ஓடை. ஓடை மழைக்கு மட்டும்தான் என்று சிமெண்டில் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேற்கே மலை கறுத்தால் போதும், உலர்ந்த துணியை எடுப்பதற்கு முன்னால் பெண்கள் ஓடை மூடியைத் தூக்குவார்கள். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய், புளித்த மாவு, சுண்ணாம்பு வாளியின் அடி, கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் பழையது, வேண்டாதது எதுவானாலும் அந்த நேரத்துக்காகவே எடுத்து வைத்திருப்பார்கள். அதற்கு மழைக்குக் கொடுப்பது என்று பெயர். "கொடுத்தாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "கொடுத்தாச்சு, இனி வந்து கொண்டு போவட்டும்" என்று மற்றவள் சொல்வாள். மழையும் வந்து கொண்டுபோகும். எங்கே கொண்டுபோகிறது என்று பள்ளத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் கீழே குளம் இருந்தது.

திரும்பி வந்த தண்ணீர் ஒன்றோடொன்று கலக்கவில்லை. எட்வினுடைய பைக் ஒர்க்‌ஷாப் வாசலில் அது கன்றுக்குட்டி அளவுக்குக் கறுப்பாக, முதுகில் மயில் நிறம் மின்னப் படுத்துக் கிடந்தது. இறைச்சிக்கடை வெறோணிக்கம்மாளுடையது ஈயோடு வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியாருடையது முழுக்க சோப்பு நுரை; அவர் வெளியே வரும்போதெல்லாம் வேட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெயிலுக்கு அது காயவில்லை, மண்ணுக்குள் இறங்கவில்லை. விளக்குமாறால் தள்ளிவிட்டால் சரிவில் ஓடிப்போய், மறுநாள் காலை யாரையும் அவசரப்படுத்தாமல், ஓடை வழியாக மேடேறி, அதே படியின் கீழே வந்து கிடந்தது.

"ஓய் எட்வின், உமக்க தண்ணிக்கு ஒரு நம்பர் பிளேட்டு மாட்டும்" என்றாள் வெறோணிக்கம்மாள்.

"நீங்க உங்களுக்கதுக்கு ஒரு கொசுவலை வாங்குங்கக்கா, பாவம், ஈ கடிக்கி."

ஒரு வாரத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. தபால்காரர் எந்த வீட்டில் எந்தப் பக்கமாகத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசலைப் பார்த்தார்கள். பங்குத்தந்தையின் வீட்டுப் படியிலும் மெழுகும் ஆசிட்டுமாக ஒரு தண்ணீர் வந்து கிடந்ததால், அதைப் பாவத்தோடு சேர்த்துப் பிரசங்கம் வைப்பதை அவர் இரண்டாம் ஞாயிறோடு நிறுத்திக்கொண்டார்.

நாற்பத்தொரு வீட்டில் ஒரே ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது. அது மேட்டிலிருந்து ஏழாவது வீடு, ஜெனோவாவின் வீடு. ஜெனோவாவுக்கு இருபத்தைந்து வயது. கணவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீட்டில் அவளும் ஒன்றே முக்கால் வயது மகள் ஷைனியும்தான். தெருவே அந்த வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "கான்வென்டுல படிச்ச பிள்ளையில்லா, சுத்தம் அதுக்க ரத்தத்துல கெடக்கு" என்று வெறோணிக்கம்மாள் போவோரிடமும் வருவோரிடமும் சொன்னாள். ஜெனோவா சிரித்தாள், சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சாத்திய கதவில் முதுகை வைத்து நின்றாள். ஒவ்வொரு காலையும் முதலில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு காலையும் படி காய்ந்து கிடந்தது. மழைக்கு அவளும் கொடுத்திருந்தாள். ஒரே ஒருமுறைதான் கொடுத்திருந்தாள்.

போன வருஷம், இதே ஐப்பசி. ஷைனிக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்த வாரம். கட்டிய வீட்டுக்குக் கரையான் மருந்தடிக்க வந்தவர்கள் மீதியை ஒரு வெள்ளைக் கேனில் பின்வாசல் பரணில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளை தவழத் தொடங்கிய நாளிலிருந்து ஜெனோவாவால் அந்தக் கேனோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை. பரணில் ஏற எட்டு மாதக் குழந்தைக்கு முடியாது என்று தெரியும், தெரிந்தும் அடுப்பில் நின்றாள் பரணைப் பார்த்தாள், பால் கொடுத்தாள் பரணைப் பார்த்தாள், கண்ணை மூடினால் சின்னக் கை அந்த மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. மலை கறுத்த ஒரு மத்தியானம் கேனை இறக்கி, ஓடை மூடியைத் தூக்கி, அரைக் கேனையும் கவிழ்த்து, மூன்றுமுறை கழுவி ஊற்றினாள். என் பிள்ளையிடமிருந்து இதைத் தூரமாய்க் கொண்டு போய்விடு என்று மழையிடம் ஒரு செபமே சொன்னாள். மழை கொண்டு போனது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை செம்பருத்திக்குளத்தில், ஓடை வந்து விழும் இடத்தில், பொடிமீன்கள் வெள்ளி வெள்ளியாக மிதந்தன. கடைசி வீட்டுத் தங்கலீலாவின் மகள் அபிஷா, நாலு வயது, மீன் தானாக வந்து கையில் ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று கவுனில் அள்ளினாள், அள்ளிய கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மருந்து என்று டாக்டர் சொன்னார். குளத்துக்கு அந்தக் கரையில் வாழைத்தோட்டம் இருந்தது, வாழைக்காரன் மருந்தடிப்பவன், ஆகவே தெரு வாழைக்காரனைச் சொன்னது. தங்கலீலா ஒரு வருஷமாக அவன் வரப்பைக் கடக்கும்போதெல்லாம் மண்ணள்ளித் தூற்றிக்கொண்டிருந்தாள். ஜெனோவா அடக்கத்துக்குப் போனாள், ஷைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு. போனில் கணவன், "ஒண்ணும் பேசாத ஜெனோ, யாருக்குத் தெரியும், வாழக்காரனாவும் இருக்கலாம்லா" என்றான். இருக்கலாம் என்று அவளும் சொல்லிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்க் கோபப்பட்டதைச் சொன்னாள், பூசைக்குப் பராக்காக இருந்ததைச் சொன்னாள், எழுந்து வந்துவிட்டாள்.

வார்டு கவுன்சிலர் பெனடிக் பங்கு ஹாலில் கூட்டம் போட்டார். நகராட்சி ஆபீசுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் 'ஓடிய நீர் திரும்புவது பற்றிப் பிரிவு ஏதும் இல்லை' என்றுதான் பதில் வந்திருந்தது; ஆகவே நாமே சட்டம் வைப்போம் என்றார். அழகான கையெழுத்து என்று ஜெனோவாவையே எழுதச் சொன்னார்கள். எவர் வீட்டுத் தண்ணீரோ அவரே அதற்குப் பொறுப்பு. வந்த நாளிலிருந்து, ஏற்கெனவே வந்ததென்றால் இன்றிலிருந்து, ஒன்பது நாளுக்குள், வேலைக்காரரை விட்டு அல்ல, தம் கையாலேயே அள்ளி, வாசலில் குழி தோண்டிச் சல்லியும் கரியும் ஆற்றுமணலும் அடுக்கடுக்காய்ப் போட்டு, அதன் வழியே மண்ணுக்குள் விட வேண்டும். பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளக் கூடாது. இனி மலை கறுத்தால் ஓடை மூடியை எவரும் தொடக் கூடாது. வண்டி கழுவுவது புல்லில்தான், கட்டட மணலை மூடாமல் போடக் கூடாது. மீறினவர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயிலிலிருந்து குளம்வரை ஓடையைத் தன்னந்தனியாகத் தூர்வார வேண்டும்.

"ஓடைய வாருனா என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்று வாத்தியார் எழுந்தார்.

"ஊத்தும்போது முழங்கால் கேட்டுச்சா சார்?" என்றார் பெனடிக். ஹால் சிரித்தது. பின்வரிசையில் தங்கலீலா மட்டும் சிரிக்காமல், "குளத்துக்குப் போனதெல்லாம் திரும்பி வருமா?" என்று கேட்டாள். ஜெனோவாவின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்று மை ஊறியது.

சட்டம் வேலை செய்தது. குழிகள் தோண்டப்பட்டன, கரிமூட்டைக்குக் கிராக்கி வந்தது. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் மணலுக்குள் இறங்கும்போது தன் நிறத்தை மேலே விட்டுவிட்டுப் போயிற்று, விட்டுப்போன கசடைப் பார்க்க எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. எட்வினுடையது மட்டும் பெரிதென்பதால் அவனுக்குத் தவணை கொடுத்தார்கள். கார்த்திகை முடிந்தது. ஜெனோவா வரவேயில்லாத தண்ணீருக்காக, யாரும் கேட்காமலே, தன் வாசலிலும் ஒரு குழி தோண்டி வைத்தாள். "முன்மாதிரிக் குழி" என்று பெனடிக் அதை எல்லாருக்கும் காட்டினார்.

அது நாற்பத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, நாலு மணி வெயிலில் வந்தது. மற்ற தண்ணீரெல்லாம் ஓடைக்குள் வந்தது. இது ஓடையில் வரவில்லை, நடுரோட்டில் வந்தது. ஒரு முறம் அகலம்தான் இருக்கும். இரண்டடி வந்தது, நின்றது. எதையோ குனிந்து பார்ப்பதுபோல ஓரிடத்தில் வட்டமாகச் சுருங்கி இருந்தது, பிறகு சளக் சளக்கென்று நாலடி ஓடியது. இவ்வளவு நாள் ஏன் ஆயிற்று என்று அந்த நடையைப் பார்த்தவர்களுக்கு விளங்கிவிட்டது. எட்வினுடைய கறுப்புத் தண்ணீர் கிடந்த இடத்தில் அது சுற்றிப் போகவில்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தாண்டியது. எட்வின் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

தங்கலீலாதான் முதலில் பார்த்திருந்தாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், குளத்தங்கரையில் அது ஏறுவதைக் கண்டதும் தன் வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள். உள்ளே கிடந்த செருப்பை, வாளியை, ஸ்டூலை எல்லாம் ஓரமாய்த் தள்ளி வழி பண்ணினாள். "வா மோளே" என்றாள். தண்ணீர் வாசலுக்கு நேரே வந்து நின்றது. ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கும் நேரம் நின்றது. பிறகு திரும்பி மேடேறத் தொடங்கியது. தங்கலீலா செதில் ஒட்டிய கையோடு அதன் பின்னால் நடந்தாள். வீடுவீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு வாசலையும் அது நெருங்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்தார்கள், தாண்டிப் போனதும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாழைத்தோட்டத்துப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெனோவா வாசலில் நின்றிருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும், பின்வாசல் வழியாக, கோயில் வழியாக, அம்மா வீட்டுக்கு, மஸ்கட்டுக்கு, எங்காவது. ஆனால் அவள் ஓடாமல் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். தண்ணீர் அவள் படியின் கீழே வந்து, ஓடி விளையாடிக் களைத்த பிள்ளை உட்காருவதுபோலத் தொப்பென்று உட்கார்ந்தது.

தங்கலீலா மூச்சு வாங்க அதன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன ஊத்துன பிள்ள?"

"கரையான் மருந்து, லீலாக்கா."

"எவ்வளவு?"

"அரைக் கேன்."

"எதுக்கு ஊத்துன?"

"இவ தவழத் தொடங்கியிருந்தா. வீட்டுக்குள்ள வச்சிருக்கப் பயமா இருந்துச்சு."

தங்கலீலா ஷைனியை வெகுநேரம் பார்த்தாள். ஷைனி அவள் கையில் மினுங்கிய செதிலைப் பார்த்துக் கை நீட்டினாள். ஜெனோவா அந்தக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது, அதுவே அவளுக்கு அன்றைய பெரிய கஷ்டமாக இருந்தது.

"பயம் வரும்லா" என்றாள் தங்கலீலா. "வரும்." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்க மக நடந்து வந்துட்டா. ஆனா உனக்க வீட்டுக்கில்லா வந்திருக்கா. எனக்க வாசல்ல நின்னா, உள்ள வரல்ல."

கூட்டத்தில் ஒருவர் போலீஸ் என்றார். "என்னன்னு சொல்லி?" என்று தங்கலீலா கேட்டதும் அவர் பின்னால் போய்விட்டார். பெனடிக் சட்டத்தாளைப் புரட்டிப் பார்த்தார், எண்ணெய்க்கு இருந்தது, சோப்புக்கு இருந்தது, ரத்தத்துக்கும் சாணத்துக்கும் இருந்தது. "தண்ணிக்குள்ள பிள்ள இருந்தா என்ன செய்யணும்னு ஒரு வரி சேக்கணும்மா, நீயே எழுது" என்று ஜெனோவாவிடம் தெரியாத்தனமாகச் சொல்லி, சொன்னது காதில் விழுந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆகவே பழைய சட்டமே நின்றது: ஒன்பது நாள், தன் கையால், மணலுக்குள்.

அந்த ஒன்பது நாளும் ஜெனோவா ஒரு வேலை செய்தாள். சாயங்காலம் ஷைனியை வெறோணிக்கம்மாளிடம் விட்டுவிட்டு, தண்ணீரைக் கையாலேயே அலுமினியச் சட்டியில் அள்ளி, சரிவில் இறங்கி, தங்கலீலா வீட்டுப் படியில் ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளக் கூடாது என்று எழுதிய கைதான் ஊற்றியது, யாரும் தடுக்கவில்லை. தங்கலீலா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கன்று போட்ட பசுவைப் பற்றி, அங்கன்வாடியில் டீச்சர் மாறிப்போனதைப் பற்றிப் பேசினாள். தண்ணீர் கொஞ்ச நேரம் அதைக் கேட்கும். பிறகு எழுந்து, மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கும். இரண்டாம் நாள் தங்கலீலா கதவைத் தாழ் போட்டுப் பார்த்தாள். அது கதவின் அடியால் போயிற்று. நாலாம் நாள் அபிஷாவின் மஞ்சள் கவுனை எடுத்து விரித்து வைத்தாள். அதன் மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போயிற்று, கவுன் நனையவில்லை. ஏழாம் நாள் "எங்க அம்மைய விட்டுட்டுப் போற?" என்று கேட்டாள், அடிப்பதற்குக்கூடக் கை ஓங்கினாள். ஜெனோவா காலிச் சட்டியோடு தெருவில் நின்றாள். மேட்டில் வெறோணிக்கம்மாளின் இடுப்பிலிருந்து ஷைனி "அம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. அது கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறதே என்று அவள் உடம்பு குறுகியது.

ஒன்பதாம் நாள் அது சரியாக நடக்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றது. குருசடி வரைக்கும் போய், கல்லின் நிழலில் உட்கார்ந்துவிட்டது. ஜெனோவா சட்டியை எடுத்துக்கொண்டு அருகே போனாள், திரும்பவும் கீழே கொண்டுபோய் விட.

"வேண்டாம்" என்றாள் பின்னால் வந்த தங்கலீலா. "இனி கொண்டு வராத."

"இன்னைக்கு ஒருநாள்தான் இருக்கு லீலாக்கா."

"அவளுக்குக் கால் வலிக்கும் பிள்ள. நாலு வயசில்லா. இந்த மேட்டுல நான் ஒருநாளும் அவள நடக்க விட்டதில்ல. பாதி வந்ததும் தூக்கு தூக்குன்னு கைய நீட்டுவா. பூசைக்கு இடுப்புலதான் தூக்கிட்டுப் போவேன், எனக்க சேலையெல்லாம் கசக்கிப் போடுவா." நிறுத்தினாள். "இப்பம் நம்ம ரெண்டு பேருமாச் சேந்து அவள ஏறவும் இறங்கவும் விட்டுட்டு இருக்கோம்."

அவள் தரையில் உட்கார்ந்து சேலை முந்தானையை விரித்தாள். தண்ணீர் எவ்வளவோ நேரம் அசையாமல் இருந்துவிட்டு, மெல்ல ஏறிக்கொண்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. தங்கலீலா அதை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு எழுந்து, இடது பக்கமாய்ச் சாய்ந்து, எல்லா அம்மாக்களும் நடக்கும் நடையில் மேடேறினாள். தெரு கதவுகளைச் சாத்திக்கொண்டது, பார்க்காமல் இருப்பதைத் தவிர வேறொரு மரியாதை அதற்குத் தெரியவில்லை.

ஜெனோவாவின் வாசலில் சல்லி, கரி, மணல் எல்லாம் அடுக்கியபடி இருந்தன. குழியின் ஓரத்தில் தங்கலீலா முந்தானையை அவிழ்க்காமல் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், வெயில் கோயில் கோபுரத்திலிருந்து இறங்கி ஓட்டுக்கு வந்தது, ஓட்டிலிருந்து சுவருக்கு வந்தது.

"நீதான் விடணும்" என்றாள் கடைசியில். "உனக்க கையாலதான்னு எழுதியிருக்குல்லா."

ஜெனோவா மண்டியிட்டு இரண்டு கையையும் குழித்தாள். கை கொள்ளும் அளவு தங்கலீலா கொடுத்தாள், அதை அவள் மணலில் விட்டாள், மறுபடி கொடுத்தாள், மறுபடி விட்டாள். உள்ளங்கையில் அது எரிந்தது, எரியட்டும் என்று இருந்தாள். மணலின் மேல் வெள்ளையாய் மருந்துக் கசடு நெடியோடு நின்றது. மற்றதெல்லாம் அடியில் இறங்கியது. சின்னப் பிள்ளைகள் தூங்கப் போகும்போது நின்று நின்று போவதுபோலத்தான் போயிற்று. கடைசிக் கையளவும் போன பிறகு இரண்டு பெண்களும் குழியின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெறோணிக்கம்மாள் எப்போதோ கொண்டுவந்து கட்டிலில் போட்டிருந்த ஷைனி, உள்ளே விழித்துக்கொண்டு அழுதாள்.

இருவருமே எழுந்தார்கள். பிறகு தங்கலீலா உட்கார்ந்தாள்.